பறிகொடுத்தவர் கையில் ஒரு ரசீது: சென்னைக் காவல் நிலையங்களின் திருட்டுப் புகார் சேவை எப்படி?

சென்னையில் பீரோவை உடைத்து நகையை எடுத்துப் போனாலும், வாசலில் நிறுத்தியிருந்த பைக் காணாமல் போனாலும், பஸ் நெரிசலில் செல்போனை உருவினாலும் நாம் போய் நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான். பிடிக்கவில்லை என்று அடுத்த கடைக்குப் போக வழியில்லை. அதனால் இந்தச் சேவைக்கு நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்வதில் அர்த்தமில்லை. எந்த மேசையில் வேலை நடக்கிறது, எந்த மேசையில் கோப்பு தூங்குகிறது, தூங்கினால் யாரை எப்படி எழுப்புவது என்பதுதான் மக்களுக்குத் தேவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பது முன்பைவிட எவ்வளவோ தேவலை. தொலைந்த ஆவணங்களுக்கும் திருடுபோன செல்போனுக்கும் இருக்கும் இணைய சேவைகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆனால் எஃப்.ஐ.ஆர். என்ற அந்த ஒரு தாளைக் கையில் வாங்குவதற்குள் உயிர் போய்விடுகிறது. வாங்கிய பிறகு வழக்கு என்ன ஆனது என்று தானாகக் கூப்பிட்டுச் சொல்லும் பழக்கம் அநேகமாக இல்லை. ஊரில் கேட்கும் புலம்பலில் பெரும்பகுதி இந்தக் கடைசி இரண்டைப் பற்றியதுதான்.

எந்த நிலையம், எந்த அறை

100 அல்லது 112-க்கு அழைத்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரோந்து வண்டிக்குத் தகவல் போகும். வண்டி வந்து, காவலர் எட்டிப் பார்த்து, பெயரும் போன் நம்பரும் குறித்துக்கொண்டு போவார். பலர் இதோடு புகார் பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பதிவாகவில்லை. எழுத்தில் புகார் நிலையத்துக்குப் போனால்தான் கணக்கு தொடங்கும். ஆனாலும் அந்த அழைப்பைச் செய்துவிடுவது நல்லது. எத்தனை மணிக்குத் தகவல் சொன்னீர்கள் என்பதற்கு அது சாட்சி.

சென்னை நிலையங்களில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் என்று தனித்தனியாக இருப்பார்கள். திருட்டு குற்றப்பிரிவின் வேலை. உள்ளே நுழைந்ததும் 'கிரைம்' யார் என்று கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். 'கிரைம் எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், சாயந்திரம் வாங்க' என்ற பதிலை எதிர்பார்த்தே போக வேண்டும். அது பெரும்பாலும் பொய்யும் இல்லை. ஊர்வலம், திருவிழா, முக்கியப் பிரமுகர் வருகை, கிரிக்கெட் மேட்ச் என எது நடந்தாலும் முதலில் ஆள் உருவப்படுவது குற்றப்பிரிவிலிருந்துதான். ஆனால் புகாரை வாங்கிப் பதிவதற்கு அந்த எஸ்.ஐ.யேதான் வர வேண்டும் என்பதில்லை. பணியில் இருக்கும் நிலைய அதிகாரியோ, அவர் சொல்லி ஸ்டேஷன் ரைட்டரோ வாங்கிக்கொள்ளலாம்.

எல்லைத் தகராறு தனிக் கதை. 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி என இரண்டு ஆணையரகங்கள் தனியாகப் பிரிந்தன. புறநகரில் ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஓர் ஆணையரகம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும் இடங்கள் உண்டு. மின்சார ரயிலிலும் பிளாட்பாரத்திலும் போன பொருளுக்கு ரயில்வே காவல் நிலையம்தான், அவசரத்துக்கு 139. ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்ததும் உள்ளூர் காவல்துறை. 'இது எங்க லிமிட் இல்லை' என்று சொல்லி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. பூஜ்ய எண்ணில் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. நடைமுறையில், சரியான நிலையத்துக்குப் போவது உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும். இரவு பதினொரு மணிக்கு எல்லை தெரியாமல் நிற்கும்போது மட்டும் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

புகாரில் என்ன எழுத வேண்டும்

இந்த இடத்தில் சேவையைக் குறை சொல்வதோடு நம்மையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'வீட்டில் இருந்த நகைகள் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்' என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அற்புதத்தை எதிர்பார்க்கிறோம்.

நகை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். வகை, கிராமில் எடை, கல் உண்டா, முகப்பு எப்படி, கொக்கியா திருகாணியா, பற்ற வைத்த தழும்பு எங்கே, எந்தக் கடையில் எப்போது வாங்கியது. 'ஐந்து சவரன் செயின்' என்று எழுதினால் அந்த வர்ணனைக்குள் ஊரில் இருக்கும் எல்லாச் செயினும் அடங்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு கடையில் வாங்கிய ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. பொறித்திருக்கும், ஒவ்வொரு நகைக்கும் அது வேறு. பில்லில் அச்சிடப்படாவிட்டால், நகை கையில் இருக்கும்போதே லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உருக்கிவிட்டால் அந்த எண்ணும் போய்விடும் என்பது உண்மைதான். அடகுக் கடையில் அப்படியே சிக்கினால், 'இது என் நகை' என்று நிரூபிக்க அதைவிட வலுவான அடையாளம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் அந்த நகை தெளிவாகத் தெரியும் ஒரு படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

செல்போனுக்கு அதன் அடையாளமான இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், ஒவ்வொன்றும் 15 இலக்கம். *#06# அழுத்தினால் திரையில் வரும். ஆனால் போன் போன பிறகு அழுத்துவதற்கு போன் இல்லை. பெட்டி ஒட்டுச்சீட்டிலும் பில்லிலும் இருக்கும். பைக்குக்கு ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டும் வேண்டும். நம்பர் பிளேட்டைத் திருடன் முதல் மணி நேரத்திலேயே கழற்றிவிடுவான்.

கடைசியாகப் பொருளைப் பார்த்த நேரம், காணோம் என்று தெரிந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். படிவத்தில் சம்பவ நேரம் 'இதிலிருந்து இதுவரை' என்றுதான் கேட்கும். புகார் கொடுக்கத் தாமதம் ஆகியிருந்தால் காரணத்துக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. ஊருக்குப் போயிருந்தோம், இன்று காலைதான் திரும்பினோம் என்றால் அப்படியே எழுத வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் இன்ஷூரன்ஸ்காரரும் எதிர்த்தரப்பு வக்கீலும் அதில்தான் கை வைப்பார்கள்.

பூட்டு உடைந்திருந்தால், கதவு நெம்பப்பட்டிருந்தால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வீட்டுக் கொள்ளைக்கான காப்பீடுகள் பொதுவாக பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் கேட்கும். புகாரில் அந்த வரி இல்லாவிட்டால் பணம் வராமல் போகலாம்.

'திருடு போனது' என்று நீங்கள் எழுதிக்கொண்டு போனதை, 'தொலைந்துவிட்டது என்று மாத்தி எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடியும்' என்று கேட்பார்கள். செல்போன் விஷயத்தில் இது மிகப் பரவலாகச் சொல்லப்படும் குறை. தொலைந்தது என்றால் குற்றமே இல்லை, வழக்கும் இல்லை. போனை முடக்கினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றால் சம்மதிக்கலாம். காப்பீடு இருந்தாலோ, பறித்துக்கொண்டு ஓடியிருந்தாலோ சம்மதிக்காதீர்கள். பறிப்பு இப்போது பி.என்.எஸ். என்ற தண்டனைச் சட்டத்தின் 304-வது பிரிவில் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை தண்டனை.

சி.எஸ்.ஆர். என்னும் நடுவழி

புகாரைக் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எண்ணுடன் ஒரு மனு ரசீது தருவார்கள். தமிழ்நாட்டுக்கே உரிய பழக்கம் இது. ரசீது கொடுப்பதில் இப்போது பெரிதாகப் பிரச்சினை இல்லை, கேட்டால் கிடைக்கிறது. பிரச்சினை என்னவென்றால், பல புகார்கள் அந்த ரசீதோடு நின்றுவிடுகின்றன. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை. அதை வைத்துக் கைது கிடையாது. நீதிமன்றத்துக்கு அது போகாது, கண்டுபிடிக்கும் பொறுப்பும் யார் தலையிலும் விழாது. எஃப்.ஐ.ஆர். பதிந்தால்தான் குற்ற எண் விழும். நகல் நீதித்துறை நடுவருக்குப் போகும். ஒருவர் விசாரணை அதிகாரி ஆவார்.

ஏன் இழுக்கிறார்கள்? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. ஒவ்வோர் எஃப்.ஐ.ஆரும் அந்த நிலையத்தின் குற்றக் கணக்கில் ஓர் எண்ணிக்கை. மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை பதிந்தது, எத்தனை கண்டுபிடித்தது, எவ்வளவு சொத்து மீட்டது என்று மேலதிகாரி கேட்பார். கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைந்த வழக்கைப் பதிந்தால் விகிதம் இறங்கும். பதியாமல் விட்டால் ஏரியா அமைதி. பதிந்தவற்றில் மீட்பு விகிதமும் அழகாக இருக்கும். ஆண்டுதோறும் வரும் குற்றப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பதியாத திருட்டு அந்தப் பட்டியலில் எங்குமே இருக்காது. நகை எடையைக் குறைத்து எழுதச் சொல்வதும் இதே நோய்தான். மதிப்பு கூடினால் மேலிருந்து கண்காணிப்பும் கூடும். ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். காரணம் கடைசியில் வருகிறது.

சட்டம் இதில் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் சொன்னால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் இதில் ஒரு சிறிய வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். சாதாரணத் திருட்டும் பறிப்பும் இந்த வரம்புக்குள் வரும். வீட்டுக்குள் நடந்த திருட்டு பி.என்.எஸ். 305, அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை என்பதால் இந்தச் சலுகை அங்கே பொருந்தாது. 'விசாரிச்சுட்டுப் போடறோம்' என்றால், யாருடைய அனுமதி, எந்தத் தேதியிலிருந்து 14 நாள் என்று பணிவாகக் கேட்கலாம். கேட்கும் தொனி முக்கியம். கேள்வி சட்டப்படி இருந்தாலே போதும், குரலை உயர்த்த வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத கண்ணி ஒன்று உண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதல் முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவை மட்டுமே. அந்த வகைத் திருட்டைப் பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றமாகச் சட்டத்தின் அட்டவணை வைத்திருக்கிறது. சைக்கிள், மோட்டார் பம்பு, கேஸ் சிலிண்டர், பழைய போன் என்று குடியிருப்புகளில் அடிக்கடி போகும் பொருள்கள் எல்லாம் இந்தக் கோட்டின் அருகில்தான் இருக்கும். மதிப்பைக் குத்துமதிப்பாக எழுதாமல், பில் தொகையோடு எழுதுங்கள். சிலிண்டரோடு ரெகுலேட்டரும் போயிருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிந்தால் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். களவுபோன பொருள் பட்டியலும் மொத்த மதிப்பும் உங்கள் புகாரோடு ஒத்துப்போகிறதா, என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பூட்டை உடைத்து நுழைந்திருக்க, சாதாரணத் திருட்டுக்கான 303 மட்டும் போட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கேட்பது எளிது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

பதிய மறுத்தால்

புகாரின் சாரத்தைப் பதிவுத் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்புவது முதல் படி. மாவட்டங்களில் எஸ்.பி. செய்வதை ஆணையரகத்தில் அவர் செய்கிறார். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்; 1100-க்கு அழைத்து முதல்வரின் முகவரியில் பதியலாம். இந்த இரண்டும் கடைசியில் சுற்றிவந்து அதே நிலையத்தின் அதே மேசையில்தான் விழும். பயனே இல்லை என்று சொல்ல மாட்டோம்: மேலிருந்து எண்ணோடு வந்த மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும் என்பதால் உங்களைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடும்போது 'மனுதாரர் திருப்தியடைந்தார்' என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்பதும் உண்டு. எஃப்.ஐ.ஆர். கையில் இல்லாமல் போடாதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் நடுவர் நீதிமன்றத்தில் மனு. பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். துணை ஆணையருக்கு அனுப்பிய தபால் ஆதாரம் இல்லாமல் போனால் அங்கேயே திருப்பிவிடுவார்கள். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு வக்கீல் வைத்து இதைச் செய்வது கட்டுப்படியாகாது. நிலையத்தில் இருப்பவர்களுக்கும் அது தெரியும்.

இணைய சேவைகள்

தமிழ்நாடு காவல்துறையின் மக்கள் சேவைத் தளத்தில் புகார் அனுப்பலாம், சி.எஸ்.ஆர். நிலை பார்க்கலாம், எஃப்.ஐ.ஆர். நகல் எடுக்கலாம். நகல் எடுக்கும் வசதி நன்றாக வேலை செய்கிறது. புகார் அனுப்பும் வசதி சுமார். அனுப்பியதும் எண் வரும். அதற்குப் பிறகு நிலையத்திலிருந்து 'நேர்ல வாங்க' என்று போன் வரும். மின்வழியில் கொடுத்த தகவலுக்கு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். ஆக, நேரில் போவதிலிருந்து முழு விடுதலை கிடையாது. அனுப்பிய தேதிக்கு ஆதாரம் கிடைக்கிறது என்பதற்காகவே பயன்படுத்தலாம்.

தொலைந்த ஆவண அறிக்கை இந்தத் தளத்தின் நல்ல பகுதி. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., சான்றிதழ் போன்றவை தொலைந்தால் நிலையத்துக்கே போகாமல் பதிவிறக்கிக்கொள்ளலாம். நீங்களே சொல்லிப் பெறும் அறிக்கை என்பதால் விசாரணை எதுவும் நடக்காது. கைப்பையோடு ஆவணங்களும் திருடு போயிருந்தால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடக் கூடாது. திருட்டுப் புகாரில் அந்த ஆவணங்களையும் சேர்க்க வேண்டும்.

இந்த மொத்த ஏற்பாட்டிலும் முழு மதிப்பெண் கொடுக்கக்கூடிய ஒன்று, திருடுபோன செல்போனை முடக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சி.இ.ஐ.ஆர். காவல்துறையுடையது இல்லை என்பது கொஞ்சம் வேடிக்கைதான். நாடு முழுவதும் 2023 மே மாதம் முதல், சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே கிடைக்கிறது. முதலில் அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்க வேண்டும். புது சிம்மில் எஸ்.எம்.எஸ். வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். அதற்குள் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால் ஓ.டி.பி. வராமல் அல்லாடுவீர்கள். அந்த இடைவெளியில் நிலையத்தில் சி.எஸ்.ஆர். வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் இரண்டு ஐ.எம்.இ.ஐ., பிராண்ட், மாடல், தொலைந்த இடம், நிலையத்தின் பெயர், புகார் எண், அடையாள அட்டை கேட்பார்கள். முடித்ததும் வரும் கோரிக்கை எண்ணைத் தவறவிடாதீர்கள். ஒரு நாளுக்குள் எந்த நிறுவனத்தின் சிம்மும் அந்தப் போனில் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் தகவல் காவல்துறைக்குப் போகும். நமக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு போய்ப் போனை வாங்கி வர நிலையத்தில் ஓர் ஆள் மெனக்கெட வேண்டும். மீட்பு நிலையத்துக்கு நிலையம் மாறுவது இதனால்தான். திரை, பேட்டரி என்று பிரித்து விற்றுவிட்டால் இதுவும் கைகொடுக்காது. போன் திரும்பி வந்தால் அதே தளத்தில் தடையை நீக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதில் வைஃபை மட்டும்தான் ஓடும்.

சிம் முடக்குவதும் யு.பி.ஐ. முடக்குவதும் இதற்கெல்லாம் முன்னால், முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை. பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள்.

களத்தில்

வீட்டுத் திருட்டில் கைரேகை நிபுணர் வரும்வரை பீரோ, அதன் லாக்கர், கைப்பிடி, ஜன்னல் கம்பி எதையும் தொடாமல் இருப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. சிதறிய துணிமணியை மடித்து வைத்து வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தால் வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். வீட்டார் கைரேகையையும் எடுப்பார்கள்; கோபப்பட வேண்டாம், நம் ரேகையைக் கழித்தால்தான் அந்நியன் ரேகை மிஞ்சும். மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி மெயின் ரோட்டில் நின்றுவிடும் செய்தியைப் பேப்பரில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. திருடன் அங்கே வண்டி ஏறியிருப்பான்.

சிசிடிவிதான் இப்போது முதுகெலும்பு. 'மூன்றாவது கண்' என்ற பெயரில் நகரம் முழுக்கக் கேமரா வைக்கும் வேலையில் வியாபாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் நிறையக் காசு போட்டார்கள். வைத்ததோடு சரி, பராமரிப்புதான் ஓட்டை: கேபிள் அறுந்திருக்கும், ஹார்ட் டிஸ்க் செத்திருக்கும், மரக்கிளை லென்ஸை மறைத்திருக்கும். ஓடுகிற கேமராவிலும் டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டி பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். சின்ன ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு வாரத்திலேயே அழிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். பதிய பத்து நாள் இழுத்தால் கைவசம் இருந்த ஒரே தடயமும் அதற்குள் போய்விடுகிறது. மக்களின் கோபத்தில் நூற்றுக்கு நூறு நியாயம் இருப்பது இந்த இடத்தில்.

அதனால் அன்றைக்கே தெருவில் எந்தெந்தக் கடை, வீட்டுக் கேமரா அந்தப் பாதையைப் பார்க்கிறது என்று பட்டியல் எடுங்கள். உரிமையாளரிடம் அந்த நேரத்துப் பதிவைப் பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திரையைச் செல்போனில் படம் பிடிப்பது ஆளை அடையாளம் காண உதவும், கோர்ட்டுக்கு உதவாது. டி.வி.ஆர். கடிகாரத்தைப் பக்கத்தில் உங்கள் போன் கடிகாரத்தோடு வைத்துப் பாருங்கள். பல இடங்களில் ஏழெட்டு நிமிஷம் முன்பின் ஓடும். சில இடங்களில் தேதியே தப்பு. 'டி.வி.ஆரில் 2.10, சரியான நேரம் 2.17' என்று குறித்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்தால், அடுத்த தெருக் கேமராவில் அதே ஆளைத் தேடுவது சுலபமாகும். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க வேண்டிய சாட்சியச் சட்டப் பிரிவு 63 சான்றிதழ் போன்றவை எல்லாம் காவல்துறை பாடு.

பதிந்த பிறகு

சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், மாதிரி வரைபடம், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் எல்லாம் முதல் வாரத்தில் முடியும். பிறகு ஒரே மௌனம். போன் செய்தால் 'டீம் போட்டிருக்கு சார்.' 90 நாளுக்குள் விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193(3) சொல்கிறது, வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் போதும். இந்த ஒரு வரியை ஒழுங்காக அனுப்பினால் பாதிப் புலம்பல் அடங்கிவிடும். 90 நாள் தாண்டினால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். 'விசாரணையில் உள்ளது' என்றுதான் பெரும்பாலும் வரும். ஆனால் உங்கள் கோப்பை யாரோ ஒருவர் தூசி தட்டி எடுத்துப் பார்த்திருப்பார்.

வண்டி போனவர்களுக்கு வேறொரு கணக்கு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்குச் சல்லிக்காசு வராது. முழுக் காப்பீடு இருந்தால் எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி., இரண்டு சாவி, வண்டியின் உரிமை மாற்றத்துக்கான, கையெழுத்திட்ட 28, 29, 30 படிவங்கள், கடைசியில் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற காவல்துறை அறிக்கை வேண்டும். அந்தக் கடைசித் தாளுக்கு மாதக்கணக்கில் ஆகும். 'ரெண்டு நாள் தேடிப் பாத்துட்டு வாங்க' என்ற அறிவுரையைக் கேட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். எஃப்.ஐ.ஆர். உடனே பதிந்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு எஃப்.ஐ.ஆர். தேதியை நம்பித்தான் நிற்கிறது. திருடன் உங்கள் வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் சுற்றுவதற்கான அபராதச் சலானும் உங்களுக்கே வரும், எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டித்தான் அதை மறுக்க முடியும்.

கண்டுபிடிக்க இயலவில்லை என்று முடித்தால் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். ஆட்சேபம் இருந்தால் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம். முடித்த வழக்கிலும் பின்னால் பொருள் சிக்கினால் மேல் விசாரணைக்கு இடம் உண்டு. பூட்டு உடைப்பு ஆசாமி ஒருவன் வேறு வழக்கில் மாட்டி, பழைய கணக்கையெல்லாம் ஒப்புவிக்கும்போது பல வழக்குகள் ஒரே நாளில் துலங்குவது வழக்கம். அதனால் போன் நம்பரோ வீடோ மாறினால் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நகை கிடைத்துவிட்டால்

மேசை மேல் நகைகளைப் பரப்பிவைத்துப் பத்திரிகையாளர்களுக்குப் படம் கொடுக்கும் அன்றைக்கே நகை கைக்கு வராது. அது கைப்பற்று மகஜரோடு நீதிமன்றத்துக்குப் போகும். இடைக்காலமாகத் திரும்பப் பெற பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-ன் கீழ் மனு போட வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்தப் பிரிவு என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார். வழக்குச் சொத்தை நிலையத்தில் வருஷக்கணக்கில் போட்டு வைக்காமல், படம் எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டம் இதற்கு நாள் கணக்கும் வைத்திருக்கிறது: பொருள் வந்த 14 நாளில் விவரப் பட்டியல், அதற்குப் பிறகு 30 நாளில் உத்தரவு.

உங்கள் நகை முழுசாகக் கிடைத்தால் பில், படம், ஹெச்.யு.ஐ.டி. மூன்றும் பேசும். உருக்கிய தங்கக் கட்டியாகக் கிடைத்தால்தான் சிக்கல். ஒரே கட்டிக்கு நான்கு குடும்பங்கள் உரிமை கேட்கும். யாருக்கு எவ்வளவு என்று பார்க்க எஃப்.ஐ.ஆரில் எழுதிய எடையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அன்று 'பத்துன்னே போட்டுக்கலாம்மா' என்றதற்குத் தலையாட்டியவருக்குப் பதினெட்டு சவரனைக் கேட்க வாயிருக்காது.

பிணைப் பத்திரத்தில் விற்க மாட்டேன், உருக்க மாட்டேன், உருமாற்ற மாட்டேன், கூப்பிடும்போது கொண்டுவருவேன் என்று கையெழுத்திடுவீர்கள். வழக்கு முடியும்வரை அந்தச் செயினைப் பழைய தங்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கவும் கூடாது, அறுந்த கண்ணியைப் பற்ற வைக்கவும் கூடாது. அடகு வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் வக்கீலைக் கேளுங்கள்.